டர்பன் - ஜோபர்க் ஃப்ளைசஃபேர்: குடுத்த காசுக்குத் தாராளம்

மக ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கத்துல லெனேசியால இருக்கா, அதனால வருஷத்துல நாலஞ்சு தடவ டர்பன்லேர்ந்து ஃப்ளைசஃபேர்ங்கிற இந்த சல்லிசான தென்னாப்பிரிக்கக் கம்பெனி ஃப்ளைட்டுதான். ரோட்டுல போனா 570 கிலோமீட்டர் கிட்ட, ஆறு மணி நேரம், டோல் வேற, இதுல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, எறங்கிடலாம்.

எப்படி இவ்ளோ சல்லிசா தர்றாங்கன்னா, ஓட்டுறது எல்லாமே போயிங் 737, ஒரே ரகம்ங்கிறதால பைலட் ட்ரெயினிங், ஸ்பேர் பார்ட்ஸ்னு எல்லாத்துலயும் செலவு மிச்சம். ஆனா கொறஞ்ச டிக்கெட்டுக்கு கைப்பை 7 கிலோ மட்டும்தான், பெட்டிக்குத் தனிக் காசு. போன தடவ பேத்திக்குத் தச்ச பாவாட, முறுக்கு டப்பா எல்லாம் வச்சு வீட்டுத் தராசுல நிறுத்தா 6.8, அப்பதான் நிம்மதி.

2022ல கோமேர்ங்கிற விமானக் கம்பெனி நொடிச்சு, அவங்க ஓட்டின சல்லிசான குலுலா ஃப்ளைட்டும் நின்னுச்சே, சீட்டு கொறஞ்சதும் வெல எகிறினத நேர்லயே பாத்தேன், அந்த சமயம் ஒரு ஏஜென்ட் எங்கிட்ட ரெட்ட வெல வாங்கினது இன்னும் மனசு ஆறல. போட்டிக்கு ஆளு வேணும்ங்க, நம்ம மாதிரி சனங்க பறக்குறதே அதனாலதான்.

ஈஸ்டருக்குப் போறவங்க ரெண்டு மாசம் முன்னாடியே போட்ருங்க, செவ்வா புதன்ல கெளம்புற ஃப்ளைட்டா பாருங்க.