ஐபிஸ் கப்பலில் ஏறுவதற்கு முன்

அமிதவ் கோஷின் ஐபிஸ் வரிசையில் மூன்று நாவல்கள்: 'ஸீ ஆஃப் பாப்பீஸ்' (2008), 'ரிவர் ஆஃப் ஸ்மோக்' (2011), 'ஃபிளட் ஆஃப் ஃபயர்' (2015). மூன்றும் சேர்ந்து 1,500 பக்கங்களைத் தாண்டும். 1838இல் காஜிப்பூரின் கசகசா வயல்களில் தொடங்கும் கதை, கல்கத்தா, மொரீஷியஸ், சீனத் துறைமுகமான காண்டன் வழியாக, பிரிட்டன் சீனாவோடு நடத்திய முதல் அபினிப் போருக்குள் போய் நிற்கிறது. அபினி என்ற ஒரே சரக்கு உழவனையும் ஜமீன்தாரையும் சிப்பாயையும் பார்சி வணிகரையும் எப்படி ஒரே கயிற்றில் கட்டியது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு நாவல் வரிசையை நான் படித்ததில்லை. ஆனால் வாசகரை இடறிவிடும் இடங்கள் இதில் இரண்டு மூன்று உண்டு. அவை எங்கே என்று முன்பே தெரிந்துகொண்டால் தாண்டிவிடலாம்.

முதல் இடறல் மொழி. கப்பல்காரர்களின் லஸ்கரி, கல்கத்தா வெள்ளையர்களின் இந்துஸ்தானி கலந்த ஆங்கிலம், போஜ்பூரிப் பாட்டு எல்லாம் விளக்கமில்லாமல் வந்து விழும். தமிழ் தெரிந்தவருக்கு இங்கே கொஞ்சம் அனுகூலம் இருக்கிறது. நாவலில் வரும் 'மாலும்' நம் மாலுமிதான். இன்று நாம் கப்பலில் வேலை செய்யும் எவரையும் மாலுமி என்கிறோம், கதையில் அது கப்பல் அதிகாரியைக் குறிக்கும். 'சீகன்னி' என்பவர் சுக்கானி, சுக்கான் பிடிப்பவர். 'டிண்டல்' நம் கரையோரத் தோணிகளின் தண்டல். உரக்கப் படித்தால் பாதிச் சொற்கள் காதில் பிடிபட்டுவிடும்.

முதல் நாவலின் கடைசியில் 'கிரெஸ்டோமதி' என்று ஒரு சொற்தொகுதி இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துப் படிப்பதுதான் பெரிய தவறு. அது அகராதி இல்லை. நீல் என்ற பாத்திரம் எழுதி வைத்ததாக அமைந்த இன்னொரு புனைவு. அதில் பொருளைவிடச் சொல்லின் பிழைப்பைப் பற்றிய பேச்சே அதிகம். நாவலை முடித்த பிறகு தனியாகப் படியுங்கள், அப்போதுதான் சுவை.

முதல் நாவலுக்கு நிலம், ஆறு, கடல் என்று மூன்று பகுதிகள். நிலம் மெதுவாகத்தான் நகரும். தீத்தி, கலுவா, நீல், பாலெட், ஜோடு, சக்கரி என ஒவ்வொருவரும் தனித்தனி இழையில் வருவதால், ஒரு தாளில் பெயரையும் ஊரையும் குறித்துக்கொண்டால் போதும், ஆறு தொடங்கும்போது இழைகள் தாமாகச் சேர்ந்துவிடும். அவசரப்பட்டாலும் காஜிப்பூர் அபினித் தொழிற்சாலைக்குள் தீத்தி நுழையும் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். அபினிப் பால் எடை போடப்படுவதும், தொட்டியில் ஆட்கள் இறங்கி மிதிப்பதும், உருண்டை பிடித்துக் கசகசாப் பூவிதழால் செய்த 'ரொட்டி'யால் சுற்றப்படுவதும் அங்கேதான் இருக்கின்றன. அந்தத் தொழிற்சாலை இன்றும் அரசு நிறுவனமாக இயங்குகிறது.

இரண்டாம் நாவலில்தான் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். காரணம் எளிது. தீத்தி முன்பகுதியில் வந்துவிட்டு மறைந்துவிடுகிறாள். கதை பஹ்ராம் மோடி என்ற பம்பாய் வணிகரின் பின்னால் காண்டனுக்குப் போய்விடுகிறது. முதல் நாவலின் தொடர்ச்சியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இதைத் தனி நாவலாக எடுத்துக்கொள்ளுங்கள். 1839இல் சீன அரசின் ஆணையர் லின் சேஷூ வந்து அபினியை ஒப்படைக்கச் சொல்கிறார். இருபதாயிரம் பெட்டிகளுக்கு மேல் கைப்பற்றி அழிக்கப்பட்ட அந்த மாதங்களே இதன் உயிர். பஹ்ராமை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் கோஷ் எழுதியிருக்கும் விதம் மூன்று நாவல்களிலும் சிறந்த சாதனை என்பேன். ஒரு சொல் மட்டும் குழப்பும்: காண்டனில் 'ஃபேக்டரி' என்றால் தொழிற்சாலை அல்ல, வணிகர்கள் தங்கிச் சரக்கு வைக்கும் பண்டகசாலை. நடுவே வரும், ஓவியர் ராபின் சின்னரி பாலெட்டுக்கு எழுதும் கடிதங்கள் நீளம்தான். செடிகளிலும் ஓவியத்திலும் ஆர்வமில்லாதவர் அங்கே வேகமாக நகரலாம், கதை கெட்டுப்போகாது.

மூன்றாவதை வாங்கியதும் பின்னட்டையைப் படிக்காதீர்கள். இரண்டாவதன் முடிவு அதில் தெரிந்துவிடும். தீத்தியின் அண்ணன் கேஸ்ரி சிங், கம்பெனிப் படையின் ஹவில்தார். அவர் வழியாகச் சீனாவுக்குக் கூட்டிப்போகப்பட்ட இந்தியச் சிப்பாயின் நிலை தெரிகிறது. அந்தப் போரில் 37ஆவது மதராஸ் காலாட்படையும் இருந்தது என்பதால் நமக்கும் இதில் பங்கு உண்டு. போர்க்காட்சிகளைப் படிக்கும்போது முத்து ஆற்று முகத்துவாரத்தின் வரைபடம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கோட்டைகளின் பெயர்கள் வெறும் ஓசையாகப் போய்விடும். சக்கரியின் மாற்றம் மட்டும் எனக்குப் போதிய காரணமில்லாமல் வேகமாக நடந்துவிட்டதாகவே படுகிறது.

துணை நூல்களில் முதலிடம் கோஷே எழுதிய 'ஸ்மோக் அண்ட் ஆஷஸ்' (2023). நாவல்களுக்கான ஆய்வில் கிடைத்ததை அதில் கட்டுரையாகத் தருகிறார். மூன்றையும் முடித்த பிறகு படிப்பதே முறை. அடுத்தது யூலும் பர்னெலும் தொகுத்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' (1886), இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களின் அகராதி. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் ஆங்கிலத்துக்குள் போன கதை அந்த நூலில் இருக்கிறது.

இதே அளவு பொறுமை இருப்பவருக்கு எகிப்திய எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸின் கெய்ரோ வரிசை. 1956, 57இல் வெளியானது. மூன்று தலைப்புகளும் பழைய கெய்ரோவின் இடப்பெயர்கள். ஒரே குடும்பம், 1917 முதல் 1944 வரை. ஐபிஸ் போல ஆட்கள் மாறாததால் இரண்டாவதில் தடுமாற்றம் இல்லை, ஆனால் நாவலுக்கு நாவல் ஆண்டுகள் தாவும். முதல் நாவல் 1919 கிளர்ச்சியோடு முடிய, அடுத்தது 1924இல் தொடங்கும், மூன்றாவது 1935இல். குடும்ப மரம் ஒன்றை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவதில் பேரன்கள் வரும்போது கைகொடுக்கும். வெளியே கேளிக்கை, வீட்டுக்குள் கண்டிப்பு என்று வாழும் குடும்பத் தலைவர் அப்துல் ஜவாதைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தவே தேவையில்லை.

தமிழில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) படித்தவர்கள், 2014இல் வந்த 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' இரண்டையும் இரண்டாம், மூன்றாம் பாகம் என்று எண்ணி அடுத்தடுத்துப் படித்தால் குழம்புவார்கள். முதல் நாவல் நிற்கும் இடத்திலிருந்து இரண்டும் வெவ்வேறு பாதையில் போகின்றன. ஒன்றில் நடந்தது மற்றதில் நடக்கவில்லை. எதை முதலில் எடுத்தாலும் சரி, முடித்ததும் 'மாதொருபாகன்' கடைசி அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு மற்றதைத் திறங்கள்.