சாக்கா கான்: ரூஃபஸ் காலமா, தனிப்பயணமா?

சிகாகோவில் 1953-இல் பிறந்த அமெரிக்கப் பாடகி சாக்கா கானை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? ரூஃபஸ் என்ற ஃபங்க் இசைக்குழுவோடு பாடிய எழுபதுகளிலிருந்துதான் என்பேன். ஸ்டீவி வொண்டர் எழுதித் தந்த 'டெல் மீ சம்திங் குட்' (1974) பாட்டில் கிட்டாரும் பேஸும் இழுத்து இழுத்து நகரும்; இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் சாக்கா கானின் குரல் சீறிக்கொண்டு புகும். குழுவுக்கு முதல் கிராமி விருது கிடைத்ததும் அந்தப் பாட்டுக்குத்தான்.

தனிப்பாடகியாக 1978-இல் தந்த 'ஐ'ம் எவ்ரி வுமன்' வேறு ரகம்: டிஸ்கோ, வயலின்கள், பளபளப்பு. பாடகர் பிரின்ஸ் எழுதி, 1984-இல் இவர் பாடிய 'ஐ ஃபீல் ஃபார் யூ'வில் மெல்லி மெல்லின் ராப், வொண்டரின் ஹார்மோனிகா எல்லாம் சேர்ந்தன. புகழ் இந்தப் பக்கம்தான் அதிகம். சரி, ஆனால் அந்தச் சத்தக் கூட்டத்தில் குரலுக்கு இடம் கொஞ்சம் நெருக்கடிதான்.

இரண்டும் வேண்டுமென்றால் 1983-இல் ரூஃபஸோடு மறுபடி பாடிய 'எய்ன்ட் நோபடி' இருக்கிறது.