சாம்பிள் மோல்டா, புரொடக்‌ஷன் மோல்டா?

டிபன் பாக்ஸ் மூடிக்கு ஒரு சிலிகான் வளையம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை வேண்டும் என்று கேட்டுத்தான் பலரும் மோல்டை, அதாவது வளையத்தை வார்க்கும் அச்சை, முடிவு செய்கிறார்கள். அளவு உறுதியாகிவிட்டதா என்று நான் முதலில் கேட்பேன்.

உறுதியாகவில்லை என்றால் சாம்பிள் மோல்டுதான். பெரும்பாலும் அலுமினியம், ஒரே கேவிட்டி (ஒரு வளையத்துக்கான குழி), சீக்கிரம் வெட்டி எடுத்துவிடலாம். வளையத்தின் உதடு மெலிதாக வந்து மூடி இறுகவில்லையா? குழியை இன்னும் கொஞ்சம் சீவினால் போதும். தடித்துப்போனால்தான் வம்பு, சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்டுவது லேசில்லை. அதனால் முதலில் மெலிதாகவே வெட்டச் சொல்லுங்கள். (முப்பரிமாண பிரின்டரில் மோல்டு அடித்து மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு: பிளாட்டினம் வினையூக்கியில் இறுகும் சிலிகான், அந்த பிரின்டரின் சில ரெசின்கள்மேல் பட்டால் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும்.)

புரொடக்‌ஷன் மோல்டு என்றால் கடினப்படுத்திய எஃகு, 16 அல்லது 32 கேவிட்டி. காசும் நாளும் பிடிக்கும். அந்தக் காசில் பெரும்பங்கு மோல்டின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்துக்குப் போகிறது. திரவ சிலிகான் 0.01 மி.மீ. இடைவெளி கிடைத்தாலும் கசிந்து பிசிறாகிவிடும். இருபது சாம்பிளில் பிசிறைக் கையால் நறுக்கிவிடலாம், ஒரு லட்சம் வளையத்தில் யார் உட்கார்ந்து நறுக்குவது?

சாம்பிள் ஏமாற்றுவது சுருக்கத்தில். சிலிகான் ஆறும்போது சுமார் 2 முதல் 4 சதவீதம் வரை சுருங்கும்; அது சிலிகானின் ரகம், மோல்டின் சூடு, அழுத்தம் எல்லாவற்றையும் பொறுத்தது. சாம்பிளை, மோல்டுக்குள் சிலிகானை வைத்து அழுத்தும் கம்ப்ரஷனில் எடுத்துவிட்டு உற்பத்தியை, மூடிய மோல்டுக்குள் சிலிகானைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றினால் அரை சதவீதம் நகர்ந்தாலே 120 மி.மீ. வளையத்தில் 0.6 மி.மீ. வித்தியாசம். அதேபோல அலுமினியம் எஃகைவிட நாலைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். சாம்பிளில் வளையம் இறுக எடுத்த நேரத்தை வைத்து ஒரு வளையத்துக்கு இவ்வளவு என்று விலை பேசிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், சாம்பிளுக்கும் உற்பத்திக்குப் போடப்போகும் அதே சிலிகானைத்தான் போடுவேன். அப்புறம் எஃகில் ஒரே ஒரு கேவிட்டி வெட்டி, அளவு சரியாக வந்த பிறகே மீதியை வெட்டச் சொல்வேன்.

வருஷத்துக்குச் சில ஆயிரம் வளையம்தான் போகும் என்றால் எஃகுப் பக்கமே போக வேண்டாம். அந்த அலுமினிய மோல்டிலேயே கம்ப்ரஷனில் ஓட்டி, பிசிறைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருக்கலாம்.