மதுரைக் கோட்டை நீலத் தட்டு: வாங்குமுன் விளிம்பைப் பாருங்கள்

போன மாதம் இங்கிலாந்தில் ஒரு பழம்பொருள் சந்தையில் 180 பவுண்டை இழந்தேன். நீலத்தில் படம் பதித்த இந்தப் பழைய ஆங்கிலத் தட்டுகளைத் தேடிச் சேர்க்கும் நம் ஆட்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரன். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தென்னாட்டைச் சுற்றியபோது எங்கள் கோட்டைக்குள் ஒரு காட்சியை வரைந்தார்கள். லிவர்பூலில் இருந்த ஹெர்குலேனியம் என்ற தட்டு, கோப்பை செய்யும் ஆலை பிறகு அதைத் தட்டுகளில் பதித்தது. பழைய மதிலை பிளாக்பர்ன் கலெக்டர் இடித்து எவ்வளவோ காலமாகிறது. அந்தக் கோட்டையின் பெயர் தாங்கிய தட்டு கண்ணில் பட்டதும் எனக்குக் கை நிற்கவில்லை. "உடைசல் இல்லை, ஒட்டும் இல்லை" என்றார் கடைக்காரர். ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் வெந்நீரில் கழுவும்போது விளிம்பில் ஓரிடம் மட்டும் விரலுக்கு வழுவழுவென்று, கொஞ்சம் கதகதப்பாக இருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினேன். நீலம் சுருளாக உரிந்து வந்தது. அடியில் மாவு போல வெள்ளைப் பூச்சு. நாலு விரற்கடை அகலத்துக்கு விளிம்பே இல்லை. அடைத்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

அசல் தட்டில் நீலம் இப்படி உரியவே உரியாது. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் எடுத்து, சுட்ட தட்டில் ஒட்டித் தேய்த்து, அதன்மேல் கண்ணாடிப் பூச்சு கொடுத்து மறுபடி சூளையில் வைப்பார்கள். படம் பூச்சுக்கு அடியில் இருக்கும். விளிம்புப் பூவேலையைத் துண்டு துண்டாக ஒட்டுவதால் சேரும் இடத்தில் கோடுகள் கொஞ்சம் விலகித் தெரியும். அது குறையல்ல, நல்ல அடையாளம். கோடுகள் திடீரென்று தூரிகைப் புள்ளிகளாக மாறினால்தான் சந்தேகப்பட வேண்டும். சின்ன புற ஊதா டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும். ஒட்டுவேலை செய்த இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

கடைக்காரரைப் போனில் கேட்டால், "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்கிறார். உடைசல், ஒட்டு இல்லை என்று சொன்னதே இல்லையாம். இங்கிலாந்தின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, வியாபாரி சொன்னபடி பொருள் இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். ஆனால் அவர் சொன்னதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ரசீதில் "ஒட்டுவேலை இல்லை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் தட்டை மேசையிலேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அதில் உங்கள் ஊரே இருந்தாலும் சரி.