சிறுநீர்க் கசிவுக்கு அறுவைச் சிகிச்சை: வலையா, சொந்தத் திசுவா, தையலா, ஊசியா?

இருமினாலும் தும்மினாலும் குடத்தைத் தூக்கினாலும் சேலை நனைந்துவிடுகிறது என்று சொல்லும் பெண்ணுக்கும், முட்டிக்கொண்டு வந்தால் கழிப்பறை வாசலை எட்டுவதற்குள் போய்விடுகிறது என்று சொல்லும் பெண்ணுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. முன்னது அழுத்தக் கசிவு. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாயான சிறுநீர்த்தாரையைக் கீழிருந்து தாங்கும் திசு தளர்ந்துபோவதாலோ, அதை மூடும் தசை வலுவிழப்பதாலோ அது வருகிறது. பின்னது அவசரக் கசிவு. அங்கே சிறுநீர்ப்பையே வேண்டாத நேரத்தில் சுருங்குகிறது. அதற்குச் சிறுநீர்ப்பைப் பயிற்சி, மாத்திரை, போடாக்ஸ் ஊசி என்று வேறு வழி இருக்கிறது. இங்கே ஒப்பிடப்படும் சிகிச்சைகள் எல்லாம் அழுத்தக் கசிவுக்கு மட்டுமே உரியவை. இரண்டும் கலந்து இருப்பவர்கள், எது தங்களை அதிகம் வாட்டுகிறது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அழுத்தக் கசிவுக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவசரக் கசிவு சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குக் கூடவும் செய்யும். இரவும் பகலும் ஓயாமல் சொட்டிக்கொண்டே இருந்தால் அது இரண்டிலும் சேராது. கர்ப்பப்பை அறுவைக்குப் பின்போ கடினமான பிரசவத்துக்குப் பின்போ சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே விழுந்த ஓட்டையாக இருக்கலாம். அதற்கான வைத்தியமே தனி.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கசிவும் சேர்ந்து சரியாகிவிடும் என்ற பேச்சு எங்கள் ஈரோடு, நாமக்கல் பக்கத்தில் பரவலாக உண்டு. அது சரியன்று. கர்ப்பப்பையோ பிறப்புறுப்புச் சுவரோ கீழே இறங்கும் அடியிறக்கம் உள்ள பெண்ணுக்கு அதைச் சரிசெய்த பிறகு, அதுவரை மறைந்திருந்த கசிவு வெளியே தெரிய வருவதும் உண்டு. ஆகவே இறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள், கசிவையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

கத்தி வைப்பதற்கு முன்னால் மூன்று மாதம் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி செய்து பார்க்க வேண்டும் என்பது சிகிச்சை நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டுதல்: ஒரு வேளைக்குக் குறைந்தது 8 சுருக்கங்கள், ஒரு நாளைக்கு 3 வேளை. நான் பிசியோதெரபி பக்கம் வேலை செய்கிறவள் என்பதால் இதை உயர்த்திப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இடுப்புத்தளத் தசையை விட்டுவிட்டு வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொண்டு, பயிற்சியால் பயனில்லை என்று அறுவைக்கு வந்து நிற்பவர்கள் பலர். அதே போல நூற்பாலைப் பஞ்சுத் தூசியிலோ விறகடுப்புப் புகையிலோ வந்த நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், கூடிய உடல் எடை ஆகியவற்றைக் கவனிக்காமல் எந்த அறுவையைச் செய்தாலும் அதன் ஆயுள் குறையும்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். இன்று அதிகம் பேசப்படுவது டேப் எனப்படும் செயற்கை வலைப் பட்டை. ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் உல்ம்ஸ்டன் குழுவினர் 1996இல் வெளியிட்ட டி.வி.டி. (TVT) முறையில், பிறப்புறுப்பின் முன்சுவரில் சிறிய கீறல் ஒன்று போட்டு, சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பாலிபுரொப்பிலீன் பட்டையைச் சிறுநீர்த்தாரையின் நடுப்பகுதிக்குக் கீழே தொட்டில் போலக் கொடுத்து, இரு முனைகளையும் இடுப்பெலும்பின் பின்பக்கமாக ஏற்றி அடிவயிற்றுத் தோலருகில் விட்டுவிடுகிறார்கள். முடிச்சு எதுவும் இல்லை. திசு வளர்ந்து பட்டையைப் பிடித்துக்கொள்கிறது. அரைமணி நேரத்தை ஒட்டிய வேலை. பலர் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம். பட்டையை ஏற்றும் ஊசி சிறுநீர்ப்பையைக் குத்திவிட்டதா என்று உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது இந்த முறையின் கட்டாயமான பகுதி. முதன்முதலில் இதைச் செய்துகொண்ட பெண்களை வட ஐரோப்பாவின் நார்டிக் நாட்டு மருத்துவர்கள் 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். கடைசியில் பரிசோதனைக்கு வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் கசிவில்லாமல் இருந்தார்கள். இத்தனை நீண்ட கணக்கு உள்ள அறுவைகள் இந்தத் துறையில் அரிது.

இதன் தம்பியைப் போல 2001இல் பிரான்சில் வந்தது டி.ஓ.டி. (TOT). அதே பட்டைதான், ஆனால் முனைகள் அடிவயிற்றுக்கு ஏறாமல் இருபுறமும் தொடையிடுக்கு வழியாகப் போகின்றன. சிறுநீர்ப்பையில் குத்தும் ஆபத்து இதில் குறைவு என்பதே அதன் கவர்ச்சி. 597 பெண்களை வைத்து அமெரிக்காவில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் பரிசோதனைப்படி வெற்றி டி.வி.டி. வகையில் 80.8 சதவீதமும் டி.ஓ.டி. வகையில் 77.7 சதவீதமும் இருந்தது. வெற்றியில் பெரிய வேறுபாடில்லை; தொல்லைகள்தான் வேறு. சிறுநீர் போக முடியாமல் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் முதல் வகையில் 2.7 சதவீதம், இரண்டாம் வகையில் ஒருவருமில்லை. மரத்துப்போதல், பலவீனம் போன்ற நரம்புத் தொல்லைகளோ முதல் வகையில் 4 சதவீதம், இரண்டாம் வகையில் 9.4 சதவீதம். கீழே குந்தி மஞ்சள் தோண்டுகிறவளுக்கும், மாட்டுக்கடியில் உட்கார்ந்து பால் கறக்கிறவளுக்கும் தொடையிடுக்கில் நிற்கும் வலி சிறிய விஷயம் அன்று. நைஸ் அமைப்பும் 2019 வழிகாட்டுதலில், இடுப்புக்குள் முன்பு நடந்த அறுவை போன்ற தனிக் காரணம் இருந்தாலொழிய தொடை வழியைத் தர வேண்டாம் என்கிறது. டேப் என்று முடிவானால், எந்த வழியாகப் போகிறது என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டே ஆக வேண்டும்.

வலை என்றதும் எழும் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. உரச் சாக்கு நெய்யும் அதே பாலிபுரொப்பிலீன்தான் இது. ஹெர்னியாவுக்கு வைக்கும் வலையும் பெரும்பாலும் அதுவே. பொருள் உடம்புக்குப் புதிதல்ல. ஆனால் சிலருக்குப் பட்டை பிறப்புறுப்புச் சுவரை அரித்துக்கொண்டு வெளியே தெரிகிறது, சிலருக்கு உறவின்போது வலி, இன்னும் சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் தீராத இடுப்பு வலி. இத்தகைய முறையீடுகள் குவிந்ததால் இங்கிலாந்து 2018 ஜூலையில் இதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. அமெரிக்கா 2019இல் விற்பனையை நிறுத்தச் சொன்னதோ பிறப்புறுப்பு வழியாக அடியிறக்கத்துக்கு வைக்கும் பெரிய வலையை; கசிவுக்கான டேப்பை அன்று. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் வாட்ஸ்அப் செய்திகள் நிறையச் சுற்றுகின்றன. எனினும் டேப்பின் உண்மையான குறை ஒன்று உண்டு: திசு பிடித்துக்கொண்ட பிறகு அதை முழுதாக எடுப்பது மிகக் கடினம், எடுத்தாலும் வலி போய்விடும் என்ற உறுதி இல்லை.

இந்தக் குறை இல்லாதது சொந்தத் திசுப் பட்டை. அடிவயிற்றில் சிசேரியன் தழும்பைப் போலக் குறுக்கே கீறி, வயிற்றுத் தசையின் உறையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து அதையே தொட்டிலாகக் கொடுக்கிறார்கள். அந்நியப் பொருள் இல்லாததால் அரிப்பு என்ற பேச்சுக்கு இடமே இல்லை எனலாம். விலை வேறு வகையில் கொடுக்க வேண்டியிருக்கிறது: சில நாள் மருத்துவமனை, வயிற்றுத் தையல் ஆறும் வரை வலி, தையல் விட்ட இடத்தில் ஹெர்னியா வரும் வாய்ப்பு, சிலருக்கு வாரக்கணக்கில் சிறுநீர் வடிக்கும் டியூப். பர்ச் முறை இதன் நெடுநாள் போட்டியாளர். 1961இல் அமெரிக்க மருத்துவர் ஜான் பர்ச் எழுதிய இந்த முறையில் பட்டை எதுவும் கிடையாது. சிறுநீர்த்தாரையின் இருபுறமும் உள்ள பிறப்புறுப்புச் சுவரைத் தையலால் தூக்கி, இடுப்பெலும்பை ஒட்டிய உறுதியான நாரோடு கட்டுகிறார்கள். வயிற்றைத் திறந்தும் செய்யலாம், லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். 655 பெண்களை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வந்தது. ஈராண்டுக்குப் பின் அழுத்தக் கசிவைப் பொறுத்த வெற்றி சொந்தத் திசுவில் 66 சதவீதம், பர்ச்சில் 49 சதவீதம். ஆனால் சிறுநீர்த் தொற்றும், போகச் சிரமமும், அவசர உணர்வும் சொந்தத் திசுவில்தான் அதிகம். பர்ச்சுக்குப் பிறகு ஆண்டுகள் கழித்துப் பிறப்புறுப்பின் பின்சுவர் இறங்கும் வாய்ப்பு கூடுகிறது. வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும் பெண்ணுக்கு அதோடு சேர்த்துச் செய்ய ஏற்றது என்பதைத் தவிர, பர்ச்சை முதல் தெரிவாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊசி முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேமரா வழியாகச் சிறுநீர்த்தாரையின் சுவரில் மூன்று நான்கு இடங்களில் பாலிஅக்ரிலமைடு போன்ற கூழ்மத்தைச் செலுத்தி உள்வழியைக் குறுக்குகிறார்கள். மரத்துப்போகும் ஊசியோடு முடிந்துவிடும். பலன் டேப்பைவிடக் குறைவு, நாளாக ஆகத் தேய்ந்து மறுபடியும் போட வேண்டி வரலாம். மயக்க மருந்து தாங்காத இதய நோயாளிக்கும், வயது முதிர்ந்தவருக்கும், இன்னும் குழந்தை பெற நினைப்பவருக்கும் இது நியாயமான வழி.

கோபிசெட்டிபாளையம் பக்கத்து அம்மா ஒருவர், இத்தனை விளக்கமும் கேட்டுவிட்டு, “அதெல்லாஞ் சரீங்கம்மிணி, பால் கேனை எப்பத் தூக்கலாமுங்க?” என்று கேட்டார். எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அவருக்கு அதுவே முக்கியம். டேப்பானாலும் கனம் தூக்குவதை நான்கு முதல் ஆறு வாரம் தள்ளிப்போட வேண்டும். வயிற்றைக் கீறிய முறைகளுக்கு அதற்கும் மேல். சொசைட்டிக்குப் பால் ஊற்ற வீட்டில் வேறு கை இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். அவரைப் போல ஐம்பதை ஒட்டிய, முதன்முறையாக அறுவைக்கு வரும் பெண்ணுக்கு என் சாய்வு அடிவயிற்று வழி டேப்பின் பக்கம். ஏற்கெனவே இடுப்பு வலி உள்ளவர், ஒருமுறை வலை அரித்தவர், வலையே வேண்டாம் என்று மனத்தில் உறுதியானவர் ஆகியோருக்குச் சொந்தத் திசு. ஆனால் அதை அடிக்கடி செய்து கைப்பழக்கம் உள்ள மருத்துவர் கோவையிலோ வேறெங்கோ கிடைத்தால் மட்டும். ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. காப்பீட்டு அட்டையில் எந்த முறைக்கு இடமிருக்கிறது என்பதையும் அட்மிஷனுக்கு முன்பே கவுன்ட்டரில் விசாரித்துக்கொள்ளலாம்.

டேப் வைத்துக்கொள்கிறவர்கள் கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பட்டை வந்த பெட்டியில் அதன் பெயர், தயாரிப்பு எண், தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கி, அறுவைக் குறிப்பின் நகலோடு வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். பத்து ஆண்டு கழித்து வலியோடு வேறொரு மருத்துவரிடம் போனால், உள்ளே இருப்பது எந்தப் பட்டை, எந்த வழியாகப் போயிருக்கிறது என்பதை அவர் அந்தத் தாளிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.