ஒரு ஆன்லைன் பேக்கேஜ், ஒரு மாடிப்படி ஆடிட்டர்

அருப்புக்கோட்டைப் பக்கம் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பகல் நேர மையம் நடத்துகிறோம். 2009-ல் நானும் என் வீட்டுக்காரரும் ஆரம்பித்தது. இப்போது 34 பிள்ளைகள், 11 பணியாளர்கள். அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. மேனேஜிங் டிரஸ்டி நான்தான். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். பிள்ளைக்குச் சட்டை பட்டன் போடச் சொல்லிக்கொடுக்க ஆறு மாசம் ஆனாலும் பொறுமையாக இருப்பேன். வருமான வரி வெப்சைட் முன்னால் ஆறு நிமிஷம் உட்கார முடியாது. அதனால் டிரஸ்டின் கணக்கு, வரி வேலையை இரண்டு இடத்தில் காசு கொடுத்துச் செய்யச் சொன்னேன்.

முதலாவது, டிரஸ்ட்களுக்கென்றே பேக்கேஜ் விற்கிற ஓர் ஆன்லைன் கம்பெனி. பெயர் வேண்டாம். 2023 கடைசியில் வருஷத்துக்கு 14,999 ரூபாய் கட்டினேன். பணம் கட்டுகிற வரைக்கும் ஒரு பையன் தினமும் போன் பண்ணி "மேம், மேம்" என்று உருகினான். கட்டிய பிறகு எட்டு மாசத்தில் மூன்று பேர் மாறினார்கள். யார் வந்தாலும் முதல் கேள்வி, "உங்க டிரஸ்ட் எப்போ ஆரம்பிச்சது மேம்?"

80ஜி ரசீது, அதாவது நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை தரும் ரசீது, கொடுக்கிற டிரஸ்ட்கள் எல்லாம், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று 10பிடி படிவத்தில் மே 31-க்குள் ஏற்ற வேண்டும். அப்புறம்தான் கொடுத்தவருக்கு 10பிஈ சான்றிதழ் வரும். பட்டியலை நான் ஏப்ரலிலேயே அனுப்பிவிட்டேன். அவர்கள் ஏற்றியது ஜூன் 6. நாளுக்கு 200 ரூபாய் வீதம் 1,200 ரூபாய் தண்டம், என் தலையில். அதுகூடப் போகட்டும். எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், அவருடைய அப்பா பெயரில் மூலநிதியாக ஒரு லட்சம் கொடுத்திருந்தார், வட்டியை மட்டும் செலவு பண்ணச் சொல்லி. கடிதமும் கொடுத்திருந்தார். அதைச் சாதாரண நன்கொடைக் கணக்கில் போட்டுவிட்டார்கள். மூலநிதி என்றால் தனியாக டெபாசிட்டில் கிடக்கும். சாதாரண நன்கொடை என்றால் வருமானத்தில் சேர்ந்துவிடும், அந்த வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருஷமே செலவழித்திருக்க வேண்டும். கடிதத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு, "எக்ஸெல்ல அதுக்குக் கட்டம் இல்ல மேம்" என்றார்கள்.

சந்தாவை நிறுத்தினேன். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் டிரஸ்டின் வரி லாகினில் பதிவாகியிருந்த ஈமெயிலும் மொபைலும் அவர்களுடையது! ஓடிபி எல்லாம் யாரோ ஒருவர் மேஜைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதை என் நம்பருக்கு மாற்றி வாங்க நாலு வாரம் கெஞ்சினேன். டிரஸ்ட் நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், இன்றைக்கே உங்கள் லாகினில் யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, எங்கள் டவுனில் ஒரு ஆடிட்டர். இரண்டாவது மாடி, முன்பக்கம் ஒரு பழைய போட்டோ கடை. 2024 ஜூலையில் போனேன். கட்டணம் வருஷத்துக்கு 22,000. கசக்கத்தான் செய்தது. முதல் நாள் அவர் படிவத்தையே தொடவில்லை. டிரஸ்ட் பத்திரத்தை வாங்கி, 11 பக்கத்தையும் நான் உட்கார்ந்திருக்கும்போதே படித்தார். டிரஸ்ட் கலைந்தால் சொத்து யாருக்குப் போகும் என்ற வாசகம் எங்கே என்று தேடி, அடியில் பென்சில் கோடு போட்டார். பதினைந்து வருஷத்தில் அந்தப் பத்திரத்தை முழுசாகப் படித்த மூன்றாவது ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். முதல் இரண்டு பேர் எழுதின ஆளும் என் வீட்டுக்காரரும்.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. "பணியாளர் 11 பேர்னா உள்புகார்க் குழு போட்டிருக்கீங்களா டீச்சர்?" வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கிற குழு அது; பத்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் போட வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறதாம். "எங்க இடத்துல அப்படியெல்லாம் நடக்காதுங்க" என்றேன். "நடந்தா போடறதுக்கில்ல, நடக்கறதுக்கு முன்னால போடறதுக்கு" என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. வெளியாள் ஒருவரைச் சேர்த்து இப்போது போட்டுவிட்டோம்.

எங்களுக்குப் பெரிய வருமானம் பிறந்தநாள் சாப்பாடுதான். குடும்பத்தோடு வந்து, பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு 3,500 ரூபாய் ரொக்கமாகக் கையில் வைப்பார்கள். 2,000-க்கு மேல் ரொக்கம் என்றால் கொடுத்தவருக்கு 80ஜி கிடையாது. வாசலில் ஜிபே கோடு ஒட்டச் சொன்னார் ஆடிட்டர். ஒட்டினோம். பான் நம்பர் கேட்டால்தான் முகம் மாறுகிறது. "நான் என்ன கள்ளப் பணமா குடுக்கேன்?" என்று ஒரு பெரியவர் இலையிலிருந்து எழுந்துவிட்டார். இன்னொரு பக்கம், மாசச் சம்பளக்காரர்கள் புது வரி முறைக்குப் போய்விட்டார்கள். அதில் 80ஜி சலுகையே இல்லை. "ரசீது வேண்டாம் டீச்சர்" என்பார்கள். அடுத்த வருஷம் ஆளையே காணோம். ரசீதுக்காகத்தான் கொடுத்தார்களா என்று இரவில் யோசித்திருக்கிறேன்.

நான் இந்த ஆடிட்டருக்கு ஆயுள் சந்தாதாரர் ஆனது கனடா விஷயத்தில். எங்கள் சமையல்காரம்மாவுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் சிங்கப்பூரில், இன்னும் இந்தியப் பாஸ்போர்ட். இளையவன் கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டான். ஆளுக்கு 50,000 அனுப்புகிறோம் என்றார்கள். ஆன்லைன் கம்பெனி அப்போதே, "லிங்க் அனுப்புங்க மேம், வந்துரும்" என்று சொல்லியிருந்தது. நல்லவேளை அனுப்பவில்லை. ஆடிட்டர் பிரித்துச் சொன்னார். இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி ஃபைலில் வை. வேறு நாட்டுக் குடிமகன் அனுப்பினால், நம்ம ஊர்ப் பையனே ஆனாலும் அது வெளிநாட்டுப் பணம், எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவு, இல்லாமல் ஒரு ரூபாய் தொடக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு காட்ட வேண்டும். கணக்கு டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில் இருக்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020-ல் அரசு சட்டத்தை இறுக்கியது, 2022-ல் சுப்ரீம் கோர்ட்டும் சரி என்றுவிட்டது.

"அப்போ தம்பி அவங்க அம்மா கணக்குல போட்டு, அம்மா நமக்குக் குடுத்தா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். தம்பியிடம் இதைச் சொன்னபோது, "என்னையும் வெளிநாட்டுக்காரன் ஆக்கிட்டீங்களே டீச்சர்" என்றான். சிரித்தபடிதான் சொன்னான்.

போன வருஷம் 12ஏபி புதுப்பிப்பு, அதாவது டிரஸ்டுக்கு வருமான வரி விலக்கு தரும் பதிவைப் புதுப்பிப்பது. 2021-ல் எல்லாரும் மறுபதிவு செய்தோமே, அது 2026 மார்ச்சோடு முடிவதாக இருந்தது; 2025 செப்டம்பர் 30-க்குள் மனுப் போட வேண்டியிருந்தது. ஜூனிலேயே அவர் போன் பண்ணினார். நான் கேட்டதில்லை, அவராகவே. பத்திரம் தமிழில் இருந்ததால் ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்தார். நோட்டீஸ் வந்தது, பிள்ளைகளின் வருகைப் பதிவேடு வரைக்கும் ஸ்கேன் பண்ணி ஏற்றினார். சின்ன டிரஸ்ட் என்பதால் இந்த முறை ஐந்து வருஷத்துக்குப் பதில் பத்து வருஷம் கிடைத்தது. அடுத்த முறை எனக்கு 71 வயது. வேறு யாராவது கையெழுத்துப் போடுவார்கள், ஆள் கிடைத்தால். கூப்பிட்ட இளவட்டங்கள் எல்லாம் "வாலண்டியரா வரேன் டீச்சர், டிரஸ்டியா வேண்டாம்" என்கிறார்கள். 2026 ஏப்ரலிலிருந்து புது வருமான வரிச் சட்டம் வேறு. மனப்பாடம் பண்ணின சட்டப் பிரிவு நம்பர் எல்லாம் மாறுகிறது.

குறை இல்லாமல் இல்லை. அக்டோபரில் போன் எடுக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரே வரி அனுப்புவார், அதற்கு அர்த்தம் கேட்க இன்னொரு போன். பில்லில் ஜிஎஸ்டி தனி, முன்னாலேயே சொல்லவில்லை.

ஆன்லைன் கம்பெனிக்கு ஒரு ஸ்டார். ஆடிட்டருக்கு நாலு. அந்த ஒன்றைக் குறைத்தது படிக்கட்டுக்காக. எங்கள் டிரஸ்டிகளில் ஒருவர் சக்கர நாற்காலியில் வருகிறவர். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆண்டுக் கணக்கு அறிக்கையில் அவரிடம் கையெழுத்து வாங்க ஆடிட்டரே ஃபைலைத் தூக்கிக்கொண்டு கீழே டீக்கடைக்கு இறங்கி வருகிறார். போன செப்டம்பரில் பேலன்ஸ் ஷீட்டில் ஒரு சொட்டு டீ விழுந்து, மறுபடி பிரிண்ட் எடுக்க அவரே இரண்டு மாடி ஏறிப் போனார்.