கோ மொழியில் ஆறு வருஷம்: இரண்டு விடை தரும் ஃபங்ஷனோடு ஒரு குடித்தனம்

மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் இருக்கிற சின்ன அலுவலகம் எங்களுடையது. கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுவதுதான் பிழைப்பு. 2019 கடைசியில் அதை ஜாவா என்ற நிரல் மொழியிலிருந்து கோ (Go) என்ற நிரல் மொழிக்கு மாற்றினோம். ("கோவில்" என்று எழுதினால் எல்லோரும் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள், அதனால் கடைசிவரை "கோ மொழி" என்றே எழுதுகிறேன்.)

ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டு) இரண்டு மூன்று மதிப்புகளைச் சேர்த்துத் திருப்பித் தரலாம் என்பதுதான் அன்று என்னை இழுத்தது. ஜாவாவில் இதற்கென்று மதிப்புகளைச் சேர்த்து வைக்க ஒரு கிளாஸ் (ஒரு வார்ப்பு) எழுத வேண்டியிருந்தது.

எங்கள் தொழிலில் அதன் அருமை சில்லறையில் தெரியும். இங்கே வாட் வரி 15 சதவீதம். வரி சேர்ந்த விலையைப் பொருள் விலை, வரி என்று பிரிக்க வேண்டும். 99 ரூபாய் 99 சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது 9999 சென்ட். பொருள் விலைக்கு ஒரு ஃபங்ஷன், வரிக்கு ஒரு ஃபங்ஷன் என்று தனித்தனியாக வைத்தால், முழு எண் வகுத்தலில் மிச்சம் உதிர்ந்து 8694, 1304 என்று வரும். கூட்டிப் பார்த்தால் 9998. ஒரு சென்ட்டைக் காணோம். ஒரே ஃபங்ஷன் விலையைக் கணக்கிட்டு, மொத்தத்திலிருந்து கழித்து வரியையும் கையோடு கொடுத்தால் கணக்கு உதைக்காது. இரண்டு விடையும் ஒரே இடத்தில் பிறக்கணும், அவ்வளவுதான்.

எர்ரர் விஷயத்துக்கு வருகிறேன். கோ மொழியில் ஃபைலைத் திறந்தால் ஃபைலும் எர்ரரும் சேர்ந்து வரும். எர்ரர் "நில்" (nil, அதாவது பிழை ஒன்றுமில்லை) தானா என்று ஒவ்வொரு முறையும் நாமே பார்க்க வேண்டும். முதல் ஆறு மாதம் எனக்கு எரிச்சலோ எரிச்சல், மூன்று வரிக்கு ஒரு தடவை அதே "இஃப்". பிறகு ஒரு ராத்திரி, வேறொருவர் எழுதிய நிரலை அவசரமாகப் படிக்க வேண்டி வந்தது. எங்கெங்கே சறுக்கும் என்பது கண்ணெதிரிலேயே எழுதியிருந்தது. அன்றோடு புலம்பலை விட்டேன். இதைச் சுருக்க "ட்ரை" என்று ஒன்றைக் கொண்டுவரும் யோசனை 2019-இல் கைவிடப்பட்டது. எர்ரருக்காகப் புது இலக்கணம் எதையும் இப்போதைக்குத் தேடப்போவதில்லை என்று கோ குழுவே 2025-இல் சொல்லிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடத்தில். அந்த வரி ஃபங்ஷன் தருவது விலை, வரி என்ற வரிசையில். இரண்டுமே ஒரே வகை முழு எண். நிரலைச் சுத்தம் செய்த ஒருவர் அதை வரி, விலை என்று மாற்றினார். அந்த ஃபங்ஷனை அழைக்கும் இடங்களையும் திருத்தினார், ஒன்றைத் தவிர. கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) மூச்சு விடவில்லை. டெஸ்டும் பச்சை விளக்குதான் காட்டியது, ஏனென்றால் இரண்டையும் கூட்டினால் மொத்தம் வருகிறதா என்று மட்டுமே அது பார்த்தது. எப்படி மாற்றிக் கூட்டினாலும் வரத்தானே செய்யும்! டெஸ்டை எழுதிய புண்ணியவான் நான்தான். சனிக்கிழமை ரோஸ் ஹில் கடை ஒன்றில் 115 ரூபாய் பில்லில் வரி 100 என்று அச்சானது. பார்த்துச் சொன்னவர் வாடிக்கையாளர்.

வீட்டுக்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் ஆங்கிலம், அப்புறம் தமிழ், அப்புறம் இந்தி. 1998-இல் வந்த புது நோட்டுகளில் தமிழும் இந்தியும் இடம் மாறிவிட்டன. தமிழர்கள் கொதித்தெழ, மத்திய வங்கி அவற்றைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சடித்தது. "வரிசை மாறினா சும்மா விடுவோமா, தம்பி?" என்றார். கம்பைலருக்கு அந்த ரோஷம் இல்லையே.

திரும்பும் மதிப்புகளுக்கு ஃபங்ஷன் தலைப்பிலேயே பெயர் வைக்கலாமே என்பீர்கள். வைத்திருந்தோம். அந்தப் பெயர் படிக்கிறவருக்கு உதவும், அழைக்கும் இடத்தில் அதை யாரும் சரிபார்ப்பதில்லை. இப்போது எங்கள் வழக்கம் இது: ஒரு விடையும் ஒரு எர்ரரும் என்றால் அப்படியே திருப்பு. ஒரே வகையில் இரண்டு விடை என்றால் ஸ்ட்ரக்ட்டில் (பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பில்) போடு. புள்ளி வைத்து விலை, வரி என்று பெயர் சொல்லி எடுக்கும்போது கை தவறுவது குறைவு.

சின்னக் குறைகளும் உண்டு. மூன்றாவதாக ஒரு மதிப்பைச் சேர்த்தால் அழைக்கும் இடமெல்லாம் உடையும். எங்களுக்கு ஒருமுறை நாற்பது இடம். சேனலில் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் பகுதிகள் மதிப்பைக் கைமாற்றிக்கொள்ளும் வழி) இரண்டு மதிப்பைச் சேர்த்து அனுப்ப முடியாது, அதற்கும் ஸ்ட்ரக்ட் வேண்டும். "இஃப்" பிளாக்குக்குள் கோலன்-ஈக்குவல் (:=, புது மாறியை உருவாக்கும் குறி) போட்டால் புதிதாக ஒரு எர்ரர் பிறந்து, வெளியே இருப்பது "நில்" ஆகவே கிடக்கும். இதில் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

பில் பிரிண்டருக்கு அகலம், உயரம் என்று இரண்டு முழு எண் தரும் பழைய ஃபங்ஷன் ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது. தொட்டால் இரண்டு நாள் போகும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.